முந்நூற்றுப் பதினொன்றின் மகள்

எங்கள் அப்பாவுக்குத் தவளக்குப்பம் கூட்ரோட்டில் மளிகைக் கடை. கடைக்கு வருகிறவர்களிடம் என்னைப் பற்றி ஒரே குறைதான் சொல்வார். "கடையில ஒக்காந்து எடை போடுடான்னா தொரைக்குக் கவுரவக் கொறச்சலா இருக்குது. ஊரு ஊரா சைக்கிள்ல போயி மாட்டுப் பால எடை போட்டுகினு வரான். அதுக்கு ஒரு பி.எஸ்சி. படிப்பு!"

அவர் சொன்னதில் பொய் இல்லை. எழுபத்தாறிலிருந்து நான்கு வருஷம் வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களில் எனக்கு அதுதான் உத்தியோகம். மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஊருக்கும் போக வேண்டும். சாயங்காலக் கறவை ஒன்று, மறுநாள் விடியக் கறவை ஒன்று, இரண்டையும் நிறுத்து எழுத வேண்டும். சைக்கிளில் வில் தராசு தொங்கும். கேரியரில் ரெக்சின் துணி சுற்றிய பதிவேடு இருக்கும். கறக்கும்போது பக்கத்திலேயே நின்று பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் தண்ணீர் இருந்ததா, கன்றுக்கு ஒரு காம்பு விட்டார்களா என்பதெல்லாம் என் கண்ணில் தப்பக் கூடாது. ஜனங்களுக்கு இது பிடிக்காது. கண் பட்டுவிடும் என்று மாட்டுக்கு முன்னால் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு. என் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தால் எங்கள் அதிகாரி என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பார்.

உண்மையில் நான் நிறுத்தது மாட்டின் பாலை அல்ல, காளையின் பாலை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். காளை கறக்காது. ஆனால் அதன் மகள்கள் கறப்பார்கள். பண்ணையில் நிற்கும் ஒரு ஜெர்சி காளையின் விந்தை ஊசியாகப் பல ஊர்களில் போட்டு, பிறந்த மகள்கள் எல்லாவற்றின் காதிலும் நம்பர் பொறித்த பித்தளைத் தகடு அடித்து, அவை கன்று ஈன்று கறக்கும்போது ஊரின் மற்ற மாடுகளோடு ஒப்பிட்டு எழுதினால் அந்த அப்பன் எப்படிப்பட்டவன் என்பது தெரியும். ஒரு மாடு அதிகம் கறப்பதற்குத் தீனி, தண்ணீர், வெயில், கறக்கிறவர் கை என்று ஆயிரம் காரணம் இருக்கும். ரத்தத்தில் வருவது நூற்றுக்கு இருபத்தைந்து பங்குதான். அந்தக் கால் பங்கை மற்றதிலிருந்து பிரித்தெடுக்கத்தான் நான் இத்தனை மைல் மிதித்தேன்.

அப்போது எல்லோர் வாயிலும் இருந்த காளை முந்நூற்றுப் பதினொன்று. அதைப் பிரபலமாக்கியதில் என் பங்கு அதிகம். போகிற இடமெல்லாம் அதன் மகள்களைப் பற்றிப் பெருமையடித்தேன். என் சொந்த மாமனார்போல அந்தக் காளையைப் பேசினேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒதியம்பட்டில் வாய்க்கால் ஓரத் தெருவில் மரியதாஸ் வீடு. அவர் டவுனில் மில் வேலைக்குப் போகிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் மாட்டைப் பார்ப்பது எல்லாம் அவர் மனைவி அந்தோணி மேரிதான். அவரைவிடப் பத்து வயது இளையவள். கெட்டியான விரல்கள். அவள் உட்கார்ந்தால் மாடு அசை போடுவதை நிறுத்திவிட்டுக் காலை அகட்டிக் கொடுக்கும்.

அவர்கள் மாட்டுக்குப் பெயர் ரோசி. வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவில் ஏலத்தில் எடுத்த கிடாரி. வேண்டுதல் இருக்கிறவர்கள் ஆடு, கோழி, கன்று என்று மாதாவுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். இந்து, கிறிஸ்தவர் என்று பேதம் கிடையாது. திருவிழா முடிவில் அவற்றை ஏலம் போடுவார்கள். அப்படி வந்ததால் ரோசியின் தாய் யார், தகப்பன் யார் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே என் பதிவேட்டில் அது ஒப்பிடுவதற்கான மாடு. தகப்பன் பெயர் எழுதும் கட்டத்தில் 'தெரியாது' என்று போட்டிருந்தேன்.

தலை ஈற்றிலேயே ஒன்பது கிலோ கறந்தது. நான் தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

"இன்னா சார், தராசு பொய் சொல்லுதா?" என்று அந்தோணி மேரி சிரித்தாள்.

"தராசு சொல்லாது. மாடுதான் சொல்லுதோ இன்னாவோ."

"மாதா குடுத்த மாடு சார். அது எப்பிடிப் பொய் சொல்லும்?"

மாசி மாதம் ரோசி மறுபடி பருவத்துக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மரியதாஸ் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். "சார், நீங்க சொல்லிகினே இருப்பீங்களே, அந்த முந்நூத்திப் பதினொன்னு. அந்த ஊசியே போட்டுடலாமா?"

"கண்ண மூடிகினு போடுங்க" என்றேன்.

ஊசி போட வந்த சுப்பராயலு ஒழுங்கான மனிதர். "இதுக்கு அப்பன் யாருபா?" என்று கேட்டார். மாதாவுக்குத்தான் தெரியும் என்றார் மரியதாஸ். சுப்பராயலு என்னைப் பார்த்தார். போடலாம் என்று நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைப் பிறகு நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

ஆடி மாதம் அதிகாரி என்னைக் கூப்பிட்டு ஏட்டில் விரலை வைத்தார். "இந்த ஒதியம்பட்டு மாடு யாருய்யா? அப்பன் தெரியாத மாடு ஊர்ல எல்லாத்தையும்விட அதிகமா கறக்குது. இது எதிர்ப்பக்கம் நின்னா முந்நூத்திப் பதினொன்னோட மதிப்பு இறங்குது. யாருன்னு கண்டுபிடி, இல்ல கணக்கிலிருந்து எடுத்துடு."

மறுநாளே போய் ரோசியின் இடது காதைத் திருப்பிப் பார்த்தேன். மயிருக்கு அடியில் மூக்குத்தித் துளை அளவுக்கு ஒரு ஓட்டை தூர்ந்துபோய்க் கிடந்தது. தகடு அடித்த இடம்! இந்த மாட்டை யார் கோயிலுக்கு விட்டது என்று அந்தோணி மேரியைக் கேட்டேன். மங்கலத்துத் தையலம்மாள் என்றாள்.

தையலம்மாள் வீட்டைக் கண்டுபிடித்தேன். அறுபது வயதுக்காரி. முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சமும் அசராமல், "ஆமாம், நான்தான் கழட்டனேன்" என்றாள்.

"எதுக்கோசரம்மா கழட்டினீங்க?"

"நல்லா கேட்டபா! கவர்மெண்டுத் தகட காதுல மாட்டிகினு போயி மாதா முன்னால நிறுத்தறதா? எம் புருசன் கால் எடுக்கணும்னு டாக்டர் சொல்லி, எடுக்காம பொழச்சதுக்கு வேண்டிகினது. அடுத்தவன் பேரு வெட்டுன குத்துவெளக்க யாருனா கோயிலுக்குக் குடுப்பாங்களா? சாமிக்குக் குடுத்தா முழுசா குடுக்கணும்."

உள்ளே போய் அஞ்சறைப் பெட்டியிலிருந்து தகட்டை எடுத்துவந்து என் கையில் போட்டாள். மஞ்சள் வாசனை அடித்தது. நம்பரை ஏட்டில் தேடினேன். அப்பன்: முந்நூற்றுப் பதினொன்று.

எனக்கு வந்தது சந்தோஷம். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பக்கம் நின்ற ஒன்பது கிலோ இந்தப் பக்கம் வந்துவிட்டால் என் காளை எங்கேயோ போய்விடும். மங்கலம் எல்லை தாண்டி ஒரு மைல் மிதித்த பிறகுதான் மாசி மாதம் நினைவுக்கு வந்தது. ரோசி ஐந்து மாதச் சினை. தன் சொந்த அப்பனுக்கே சினை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மரியதாஸ் மாட்டுக் கொட்டாய்க்குக் கீற்று மாற்றிக்கொண்டிருந்தார். கீழே அந்தோணி மேரி தவிடு சலித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் நல்லவாடு கடற்கரை நெத்திலிக் குழம்பு கொதித்தது. ஏணியின் கீழே நின்றபடி சொன்னேன்.

"மரியதாஸ், ரோசியோட அப்பன் யாருன்னு தெரிஞ்சிபோச்சி. முந்நூத்திப் பதினொன்னு."

"அப்பிடிப் போடு! நான் அப்பவே நெனச்சேன் சார். கறவையப் பாத்தாலே…" பேச்சு பாதியில் நின்றது. கையிலிருந்த கீற்றோடு மெதுவாக இறங்கி வந்தார். "அப்ப நாம போட்ட ஊசி?"

"அதுவும் அதேதான்."

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "சேசுவே! அப்பனுக்கும் மவளுக்குமா?"

"மாட்டுக்கு அந்தப் பாவமெல்லாம் கெடையாதுங்க."

"பாவத்த வுடுங்க சார்" என்றாள் அந்தோணி மேரி. "கன்னுக்கு இன்னா ஆவும்?"

எனக்கு விளக்கம் சொல்வதென்றால் வெல்லம். யார் கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள் என்று பார்க்கிற புத்தி அப்போது இல்லை. "ஒன்னும் ஆவாமயும் போவலாம். இத்த பாருங்க, அப்பன்கிட்ட ஒரு கோளாறு மறஞ்சி கெடக்கும். அவன் நல்லாத்தான் இருப்பான். அது மவகிட்ட எறங்கி அங்கயும் மறஞ்சே கெடக்கலாம். அவளும் நல்லாத்தான் இருப்பா. அந்த ரெண்டு பக்கத்து ரத்தமும் ஒரே கன்னுல வந்து சேந்தாத்தான் வெளியில தெரியும். குருடாவலாம், கால் மடங்கலாம், வயித்துலயே செத்துப் போவலாம்."

"அப்பன் மவளுக்கு மட்டுந்தானா? கொஞ்சம் தள்ளி இருந்தா?"

"தள்ளத் தள்ளக் கொறையும். அப்பன் மவள்னா நாலுல ஒரு பங்கு. தாய்மாமன், அக்கா மவள்னா அதுல பாதி."

வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். சல்லடை நின்றிருந்தது. மரியதாஸ் ஏணியின் கால்களைத் தேவையில்லாமல் சரிசெய்துகொண்டிருந்தார். நெத்திலி அடிப்பிடிக்கிற நாற்றம் வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"மாமா, கொழம்பு" என்று அந்தோணி மேரி சொன்னாள். அவரே போய் இறக்கி வைத்தார்.

புருஷனை மாமா என்று கூப்பிடாத பெண் எங்கள் பக்கத்தில் யார்? அதனால் நான் அதைக் காதில் வாங்கியதே இல்லை. தெருமுனையில் சாமிநாதன் என்னை நிறுத்தினார். அவரும் மாடு வைத்திருக்கிறவர், என் ஏட்டில் பெயர் உள்ளவர். ரோசி சங்கதியை அவரிடமும் அளந்தேன். அவர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினார்.

"அந்தப் பொண்ணு கிட்டயா இத்தயெல்லாம் சொன்னீங்க சார்? அது அவன் கூடப் பொறந்த அக்கா பெத்த பொண்ணு. மேற்றிராணியாரு, அதான் பிஷப்பு, அவருகிட்ட தனியா உத்தரவு வாங்கிக் கட்டுனது. ரெண்டு புள்ள தவறிப்போச்சி. இப்ப மூணாவது, நாலு மாசம்."

சைக்கிளை உருட்டிக்கொண்டே வில்லியனூர்வரை நடந்தேன். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

ஆவணியில் அந்த வீட்டில் என்னோடு யாரும் அதிகம் பேசவில்லை. புரட்டாசியில் ரோசியின் பாலை வற்றவிட்டிருந்தார்கள். நிறுக்க வேலையில்லை. இருந்தாலும் போனேன். அன்று மரியதாஸ் பகல் ஷிப்டு. ரோசியின் வயிறு ஒருபக்கமாகத் தள்ளியிருந்தது. அந்தோணி மேரி ஒரு கையை மாட்டின் விலாவிலும் மறு கையைத் தன் வயிற்றிலும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒதைக்குது சார்" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

"நான் அன்னிக்குத் தெரியாம சொல்லிட்டேம்மா. மனுசருக்கும் மாட்டுக்கும் ஒரே கணக்குன்னு எடுத்துக்கக் கூடாது. எத்தினி பேரு அக்கா மவளக் கட்டி நாலு புள்ள, அஞ்சு புள்ளன்னு நல்லா வச்சிருக்காங்க."

"இருக்காங்க. எனக்கும் தெரியும்." மாட்டின் மேலிருந்த உண்ணியைப் பிடுங்கி நசுக்கினாள். "மொதப் புள்ளைய எனக்குக் காட்டல சார்."

அவள் இன்னொரு உண்ணியைத் தேடினாள்.

"ரெண்டு நாளு வலி. எப்ப பொறந்துச்சின்னே தெரியாது. மயக்கத்துல கெடந்தேன். கண்ணு முழிச்சா தொட்டிலு கட்டியிருந்த பொடவயக்கூட அவுத்து மடிச்சி வச்சிட்டாங்க. செத்துப் பொறந்துச்சி, எடுத்துகினு போயி பொதச்சாச்சின்னாங்க. ஆம்பளப் புள்ளன்னு மட்டும் சொன்னாங்க. இன்னா ஆச்சின்னு மாமாவக் கேட்டா எழுந்து வெளிய போயிடும். எங்கம்மாவக் கேட்டா அழுவும். ரெண்டாவது பொண்ணு. நாப்பது நாளு இருந்துச்சி. அதயாவது மொகம் பாத்து வளத்தேன். மொதல்ல பொறந்தது கனவுல வந்தா மொகமே இல்லாம வருது சார்."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மாதாவுக்கு வேண்டிகினுகீறேன். இந்தக் கன்னு நல்லபடியா பொறந்தா எம் புள்ளயும் நல்லபடியா பொறக்கும். கன்ன மாதாவுக்கே வுட்டுடறேன்."

"அப்பிடிப் பாக்காதம்மா. ஒரு கன்ன வச்சி ஒன்னும் சொல்ல முடியாது. நூறு மவளப் பாத்தாத்தான் ஒரு அப்பன எங்களால சொல்ல முடியும். ஒன்னு நல்லா இருந்தாலும் அர்த்தமில்ல, கெட்டுப் போனாலும் அர்த்தமில்ல."

"ஒங்களுக்கு நூறு இருக்குது சார். எனக்கு ஒன்னுதான்" என்றாள்.

ஐப்பசி முழுக்க அடைமழை. ஏரி நிரம்பி, வாய்க்கால் கரை தொட்டுக்கொண்டு ஓடியது. நனைந்த வைக்கோல் புளித்து நாறியது. கார்த்திகை பிறந்து நாலாம் நாள் ஒதியம்பட்டில் என் முறை. மதியம் மூன்று மணிக்கு மழையில் போய்ச் சேர்ந்தேன். மரியதாஸ் வீட்டு வாசலில் செருப்பு ஒன்று தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. கொட்டாயிலிருந்து ரோசி அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தது.

கன்று ஈன்ற மாடு அப்படித்தான் கூப்பிடும். ஆனால் பதிலுக்கு ஒரு குரல் வர வேண்டும். வரவில்லை.

மரியதாஸ் முழங்கால்வரை சேற்றோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் உரச்சாக்கின் மேல் கன்று. சிவப்புக் கிடாரி. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கண் இமை, குளம்பு, நாக்கு எல்லாம் வைத்து எழுதியதுபோல் இருந்தன. நான் குனிந்து வாயைத் திறந்து பார்த்தேன், காலை மடக்கிப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை.

"பன்னெண்டு மணிக்குப் போட்டுச்சி சார். ஊதுனேன், வைக்கோல மூக்குல வுட்டுப் பாத்தேன், தலகீழா தூக்கி ஆட்டுனேன். மூச்சே வுடல."

"அந்தோணி மேரி?"

"டவுன் ஆசுபத்திரிக்கு, மாசச் செக்கப்பு. சாமிநாதன் சம்சாரத்தோட போயிருக்குது. அஞ்சரை பஸ்ல வந்துடும்." என் கையைப் பிடித்துக்கொண்டார். மில்லில் நூல் பிடித்துக் காய்த்த கை. "சார், அது வேண்டிகினு இருக்குது. ஒங்களுக்குத் தெரியும். இத்தப் பாத்தா அது வயித்துல இருக்கறது நிக்காது சார். எட்டு மாசம்."

"இன்னா பண்ணணும்ன்றீங்க?"

"சாமிநாதன் மாடு சனிக்கெழம கன்னு போட்டுச்சி. அதுவும் செவப்புக் கிடாரி. அந்த மாடு கன்னு இல்லாமயே கறக்கும். கேட்டா குடுப்பான்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான்கு வருஷத்தில் ஒரு பொய் நம்பர் எழுதாதவன். நூறு கிராம் கூட்டி எழுதச் சொன்ன ஊர்த் தலைவர்களிடமே முடியாது என்றவன். ஆனால் அன்றைக்கு அந்த ஆளின் கையை உதற என்னால் முடியவில்லை. ஆரம்பித்து வைத்தவனே நான்தானே என்ற எண்ணமும் இருந்தது. மழைக்குள் நானே சாமிநாதன் வீட்டுக்குப் போய்க் கன்றைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தேன். ரோசியின் பனிக்குட நீரையும் நஞ்சுக்கொடியின் ஈரத்தையும் அதன்மேல் பூசினோம். உப்பும் வெல்லமும் கரைத்துத் தடவினோம். ரோசி முகர்ந்தது. ஒதுங்கியது. மறுபடி முகர்ந்தது. பிறகு நக்க ஆரம்பித்தது. மாட்டை ஏமாற்றுவது அவ்வளவுதான்.

செத்த கன்றை வாய்க்கால் கரையில் பனையடியில் புதைத்தோம். தோண்டத் தோண்டக் குழிக்குள் தண்ணீர் ஊறியது. மரியதாஸ் மேலே கல்லைத் தூக்கி வைத்தார்.

ஐந்தரை பஸ்ஸில் அந்தோணி மேரி வந்தாள். குடையை மடக்காமலே கொட்டாய்க்கு ஓடினாள். கன்று ரோசியின் மடியில் முட்டிக்கொண்டிருந்தது. அவள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த வீட்டில் நான் பார்த்ததில்லை. "மாதாவே, மாதாவே" என்று மட்டும் சொன்னாள். கன்றின் முதுகில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மரியதாஸ் என்னைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நான் நம்பினேன்.

விடிந்ததும் மற்ற வீடுகளின் காலைக் கறவையை நிறுத்துவிட்டு அந்தப் பக்கமாக வந்தேன். மழை விட்டிருந்தது. "சார், உள்ள வாங்க" என்று அந்தோணி மேரி கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மனைப்பலகை போட்டு, தட்டில் சீம்பால் வைத்துக் கொடுத்தாள். வெல்லம் போட்டுக் கட்டியாகக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தாள். மரியதாஸ் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன்.

"நல்லா இருக்குதா சார்?"

"நல்லா இருக்குதும்மா."

"நேத்துப் பொறந்த கன்னுக்குக் கொப்பூழ்க் கொடி ஈரமா இருக்கும். இதுக்குக் காஞ்சி சுருண்டு போயிருக்குது. நாலு நாளு ஆன கன்னு."

நான் தட்டைக் கீழே வைத்தேன். மரியதாஸ் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"ரோசி கன்ன எங்க வச்சிருக்கீங்க?"

"மேரி…"

"எங்க மாமா?"

"பனையடியில."

"எப்பிடி இருந்துச்சி? குருடா? காலு இல்லயா?"

"ஒன்னும் இல்லடி. ஒரு கொறையும் இல்ல. மூச்சுதான் வரல. மாதா மேல ஆணையா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். வாயத் தொறந்து, கால மடக்கி எல்லாம் பாத்தேன். அழகான கன்னு. கொற ஒன்னும் தெரியல."

"அப்ப எதுக்கு மறச்சீங்க?"

வெளியே அந்தக் கன்று கத்தியது, ரோசி பதில் கொடுத்தது.

"ஒரு கன்னையே காட்டல" என்றாள். குரல் உயரவே இல்லை. "நாளைக்கு எம் புள்ளைய காட்டுவியா மாமா? அதுக்கும் அடுத்த தெருவுல ஒன்னு பாத்து வச்சிருக்கியா?"

மரியதாஸ் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். நான் எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். "நீங்க இருங்க சார். நீங்களும்தான கூட இருந்தீங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

"எனக்குத் தெரியணும். மொதப் புள்ளைக்கு இன்னா இருந்துச்சி?"

அவர் தலையைத் தூக்கவில்லை. அடுப்பில் விறகு ஒன்று எரிந்து கீழே விழுந்தது.

"தல மூடல" என்றார் கடைசியில். "நெத்திக்கு மேல மண்டையோடு இல்ல. மருத்துவச்சி துணிய மூடிட்டா. நீ பாத்தா பைத்தியம் புடிச்சிடும்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

"உசுரு இருந்துச்சா?"

"கொஞ்ச நேரம்."

"எவ்ளோ நேரம்?"

"பொழுது சாயறவரைக்கும்."

அவள் கை வயிற்றின்மேல் போனது. செத்துப் பிறந்தது என்றுதான் இத்தனை வருஷம் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"யாரு வச்சிருந்தது?"

"நான்தான். மடியிலயே வச்சிருந்தேன். சாமியாரு வந்து ஞானஸ்நானம் குடுத்தாரு."

"பேரு வச்சீங்களா?"

"சூசை."

"கை?"

"கை எல்லாம் நல்லா இருந்துச்சி. வெரல் நீளம். எம் வெரலப் புடிச்சிகினு இருந்துச்சி."

"மூக்கு?"

மரியதாஸ் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்துதான் பதில் வந்தது.

"எங்க அக்கா மூக்கு."

எங்க அக்கா என்றால் அவளுடைய அம்மா. அந்தோணி மேரி மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள். "சூசை, சூசை" என்று அந்தப் பெயரைப் புதிதாகக் கற்றுக்கொள்கிற மாதிரி சொல்லிச் சொல்லி அழுதாள். நான் ஆறிப்போன சீம்பாலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அழுது முடித்ததும் மூக்கைச் சிந்தி, அவர் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். "இது எப்பிடிப் பொறந்தாலும் மொதல்ல எங் கையில குடுக்கணும். தல இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. ஒரு மணி நேரம்னாலும் எம் மடியிலதான் இருக்கணும். சத்தியம் பண்ணு."

அவர் சத்தியம் செய்தார். மாதா படத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் செய்தார்.

"அந்தக் கன்ன சாமிநாதன் வூட்டுல வுட்டுடு மாமா. அதோட தாய் தேடும்." எழுந்து என்னிடம் வந்தாள். "எழுதுங்க சார். நான் பாக்கணும்."

ஏட்டைப் பிரித்தேன். ரோசி, இரண்டாம் ஈற்று. தகப்பன்: முந்நூற்றுப் பதினொன்று. கன்றின் தகப்பன்: முந்நூற்றுப் பதினொன்று. கன்று என்ற கட்டத்தில், கிடாரி, இறந்து பிறந்தது என்று எழுதினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். மரியதாஸ் அந்தக் கன்றைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"அடுத்தது எப்ப சார் வருவீங்க?"

தேதி பார்த்தேன். மார்கழி நாலு. கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருக்கும். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிரசவத்துக்குச் சொல்லியிருந்த நாள் கிறிஸ்துமஸ் கழித்து ஒரு வாரம்.

சொன்னேன்.

"வாங்க" என்றாள். பிறகு மனைப்பலகையைத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு ரோசியிடம் போனாள். கன்று இல்லாத மாடு அவளுக்குக் காலை அகட்டிக் கொடுத்தது.